ஏடு காக்கும் தொழில்: தரவுத்தளப் பணிக்கு வேண்டிய கைத்திறன்கள்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



கணினித் தரவுத்தளத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தபோது நாம் தயங்கினோம். வரலாறு பயின்று பி.ஏ. பட்டமும், பின்னர் பி.எட். பட்டமும் பெற்று ஆசிரியப் பணிக்கு வந்தவர் நாம். பொறியியற் கல்லூரியின் வாயிலை மாணவராக மிதித்தறியோம். ஆயினும் பதிவேடுகளோடு நமக்குள்ள உறவு நீண்டது. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகைப் பட்டியல் ஆகியவற்றோடு நமது பணிக்காலத்தின் பெரும் பகுதி கழிந்திருக்கிறது. தரவுத்தளம் என்பதும் ஒரு பதிவேடே. அதனைக் காப்பவருக்கு வேண்டிய திறன்களைக் குறித்து, பட்டறிவால் கற்றவற்றைச் சொல்லலாம் என்ற துணிவில் உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில் நமது பிழையொன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், பழைய மாணவர் ஒருவரின் உதவியோடு, பள்ளிப் பிள்ளைகளின் உதவித்தொகை விவரங்களை ஒரு சிறு தரவுத்தளத்தில் ஏற்றி வைத்திருந்தோம். அம்மாணவர் பெங்களூருவில் தரவுத்தள நிருவாகியாகப் பணிபுரிபவர். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் நமக்குச் சில கட்டளைகளைக் கற்றுக் கொடுத்தார். ஒரு நாள் மாலை, ஒரே ஒரு மாணவியின் வங்கிக் கணக்கு எண்ணைத் திருத்த உட்கார்ந்தோம். திருத்தும் கட்டளையைத் தட்டினோம். எந்த மாணவிக்கு என்று குறிக்கும் பகுதியைத் தட்ட மறந்தோம். '386 நிரைகள் மாற்றப்பட்டன' என்ற பொருள்பட ஒரு வரி திரையில் வந்தது. அதனைப் படிக்காமலேயே கணினியை மூடிவிட்டு வீட்டிற்குச் சென்றோம்.

மறுநாள் காலையில் பார்த்தால், பள்ளியிலிருந்த 386 பிள்ளைகளுக்கும் ஒரே வங்கிக் கணக்கு எண்! காப்பு நகல் இருக்கிறதே என்று பென்டிரைவை எடுத்துச் செருகினோம். நாள்தோறும் ஒரு கோப்பு தவறாமல் விழுந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு கோப்பின் அளவும் சுழியம். பழைய கணினியை மாற்றியபோது தரவு இருக்கும் இடம் மாறிவிட்டது. நகல் எடுக்கும் நிரலோ பழைய இடத்தையே தேடி, ஒன்றும் காணாமல், வெறும் கோப்பை எழுதிக்கொண்டிருந்தது. எத்தனை மாதங்களாக அப்படி நடந்தது என்பதை எவரும் கவனிக்கவில்லை. பட்டியலை அனுப்ப நான்கு நாட்களே இருந்தன. ஆசிரியர் நால்வர் மூன்று இரவுகள் அமர்ந்து, வங்கிப் புத்தகங்களின் நகல்களைப் பார்த்து மறுபடியும் ஏற்றினார்கள். பதினொரு பிள்ளைகளுக்கு நகலும் இல்லை. அவர்களின் வீடு வீடாகச் சென்று கேட்டோம். இருவரின் பெற்றோர் செங்கற்சூளை வேலைக்கு வெளியூர் சென்றிருந்தனர். அவ்விருவர்க்கும் அவ்வாண்டுத் தொகை காலம் தாழ்ந்தே வந்தது. அதிலொரு பிள்ளை, "சார், எனக்கு மட்டும் ஏன் வரலை?" என்று கேட்ட கேள்வி இன்றும் நம் காதில் ஒலிக்கிறது.

இந்நிகழ்ச்சிக்குப் பின்புதான் நாம் இத்துறையை முறையாகக் கற்கத் தலைப்பட்டோம். கட்டளைகளை மனப்பாடம் செய்தல் வேறு, ஏட்டைக் காக்கும் கைத்திறன் வேறு என்பதை அந்த மூன்று இரவுகள் நமக்குக் கற்பித்தன. பயிற்சி நிலையங்களில் சான்றிதழ் பெற்று வரும் நம் இளைஞர்கள் பலரும் முதலாவதில் தேறியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

தோற்றம்

1970ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், கணிதம் பயின்றவர். அதுவரை கணினியில் தரவைத் தேட வேண்டுமானால், அது வட்டில் எந்த வழியாகச் சென்றால் கிடைக்கும் என்பதை நிரல் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். அடுக்குமுறை மாறினால் நிரலும் பயனற்றுப் போகும். காட் அவர்கள், தரவை எளிய அட்டவணைகளாக வைப்போம். என்ன வேண்டும் என்பதை மட்டும் கேட்போர் சொல்லட்டும். எப்படி எடுப்பது என்பதைப் பொறியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். இதுவே உறவுமுறைத் தரவுத்தளம். 1974இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவர் இதற்கென ஒரு மொழியை வகுத்தனர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். எனப்படுகிறது. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனம் அதனைத் தரமாக ஏற்றது. காட் அவர்கட்கு 1981இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது வழங்கப்பட்டது.

50 ஆண்டுகளைக் கடந்தும் இம்மொழி நிலைத்திருக்கிறது. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்று பொறிகள் பலவாயினும் அடிப்படை ஒன்றே. ஒன்றைச் செவ்வனே கற்றவர் மற்றொன்றுக்கு மாறுவது கடினமன்று. வறிய வீட்டுப் பிள்ளை தன் காலத்தை எதில் முதலிடலாம் என்று கேட்டால், விரைவில் பழசாகாத இக்கல்வியை நாம் தயங்காமல் சொல்வோம்.

முதல் திறன்: அட்டவணையை வகுத்தல்

கணிதத்தில் அணிகளைப் படித்தோர்க்கு நிரை, நிரல் என்ற சொற்கள் பழக்கமானவை. ஒரு நிரை ஒரு பொருளையோ ஒரு மனிதரையோ குறிக்கும். ஒரு நிரல் அவரைப் பற்றிய ஒரு செய்தியைக் குறிக்கும். இங்கே முதல் விதி: ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே எழுதப்பட வேண்டும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர் பள்ளியில் படிக்கிறார்கள். தந்தையின் கைப்பேசி எண் மூவரின் நிரையிலும் எழுதப்பட்டிருக்கிறது. எண் மாறியதும் ஒருவர் நிரையில் மட்டும் திருத்துகிறோம். இப்போது எது உண்மை? ஏடே தனக்குத்தான் முரண்படுகிறது. பெற்றோர்க்கென ஓர் அட்டவணை, பிள்ளைகட்கென ஓர் அட்டவணை எனப் பிரித்து, பிள்ளையின் நிரையில் பெற்றோரின் எண்ணை மட்டும் குறித்தால் இச்சிக்கல் எழாது.

அந்த எண்ணையே திறவுகோல் என்கிறோம். பெயரைத் திறவுகோலாக வைத்தல் ஆகாது. ஒரு வகுப்பில் மூன்று பிரியா இருப்பர். அவர்களில் இருவர்க்குத் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கும். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவர்க்கும் எமிஸ் எண் வழங்கப்படுவதன் காரணம் இதுவே. பெயர் மாறலாம், எழுத்துத் திருத்தம் வரலாம், எண் மாறாது. பெற்றோர் அட்டவணையில் இல்லாத எண்ணைப் பிள்ளையின் நிரையில் எழுத முயன்றால், பொறியே மறுக்குமாறு கட்டுப்பாடு விதிக்கலாம். அதற்கு அயல் திறவுகோல் என்று பெயர். மதிப்பெண் 100க்கு மேல் ஏறக்கூடாது, பிறந்த நாள் வெறுமையாக இருக்கக்கூடாது என்றெல்லாம் பொறிக்கே சொல்லி வைக்கலாம். தட்டச்சு செய்பவரின் விழிப்பை மட்டும் நம்புதல் போதாது. அவரும் மாலை ஐந்து மணிக்குக் களைத்துப் போகும் மனிதரே.

வெறுமையைப் பற்றி ஒரு சொல். தரவுத்தளத்தில் 'நல்' என்றொரு குறி உண்டு. பெயர்தான் நல், அறியாதவர்க்கு அது நல்லது செய்வதில்லை. தேர்வுக்கு வராதவனின் மதிப்பெண் சுழியம் அன்று. அது 'தெரியவில்லை' என்பதாகும். மூவர் 60, 70, 80 பெற்று, நான்காமவன் வரவில்லை எனில், நல் என்று குறித்தால் சராசரி 70. சுழியம் என்று குறித்தால் 52.5. இரண்டு விடைகளும் பொறியின் பார்வையில் சரியே. எது பொருத்தம் என்பதை மனிதர் முடிவு செய்ய வேண்டும். மேலும், 35க்குக் கீழ் பெற்றோரைக் கேட்டால் வராதவர் பட்டியலில் வாரார். 35உம் அதற்கு மேலும் பெற்றோரைக் கேட்டாலும் வாரார். 40 பேர் உள்ள வகுப்பில் 31 பேர் தேர்ச்சி, 7 பேர் தோல்வி என்று பட்டியல் வரும். மீதி இருவர் எங்கே? ஏட்டில் இருந்தும் கணக்கில் இல்லாமற்போன அந்த இருவரைத் தேடும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும். தலைகளை எண்ணிக் கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள். இது பள்ளி ஆசிரியரின் பழக்கம். தரவுத்தளப் பணியாளர்க்கும் உயிர்ப்பழக்கம்.

தமிழில் பெயர்களைச் சேமிப்போர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். 'முத்துலட்சுமி' என்ற பெயர் நம் கணக்கில் 7 எழுத்து. யூனிகோடு முறையில் மெய்யும் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 13 குறியீடுகள். வழக்கமான யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால் மொத்தம் 39 பைட். போஸ்ட்கிரெஸ் பொறியில் 30 என்று நிரலின் அகலத்தைக் குறித்தால் 30 குறியீடுகள் என்று பொருள், இப்பெயர் அடங்கும். ஆரக்கிள் பொறியில் வேறு குறிப்புத் தராவிடில் வழக்கமாக 30 பைட் என்று பொருள். இப்பெயரைப் பொறி ஏற்காது. ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்துவிட்டு வீட்டிற்குப் போனவர் இதனை அறியமாட்டார். பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பெயர்களோ உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். யூனிகோடில் தேடினால் அகப்படா. அவற்றை மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். அன்றியும், முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு நிரல்களைக் கட்டாயமாக்கி வகுக்கும் படிவம், தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே உடைய நம் மக்களை இடறச் செய்கிறது. அட்டவணையை வகுப்பவர், அதில் எழுதப்படவிருக்கும் மனிதர்களை அறிந்திருக்க வேண்டும். இங்கே உங்கள் பிறப்பும் ஊரறிவும் உங்களுக்குப் பெரும் துணை.

இரண்டாம் திறன்: மாற்றுமுன் பார்த்தல்

அப்டேட், டெலீட் ஆகிய இரு கட்டளைகளும் கூரிய அரிவாள் போன்றவை. எந்த நிரைகள் மீது அவை பாய வேண்டும் என்பதைக் குறிக்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் 'வேர்' என்று பெயர். தமிழில் நினைவு வைக்க இதைவிட நல்ல வழி வேண்டுமா? வேர் இல்லாத மரம் சாயும். வேர் இல்லாத கட்டளை எல்லாவற்றையும் சாய்க்கும். நாம் செய்த பிழை அதுவே.

ஆகவே, இம்முறையைக் கைப்பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். முதலில், அதே வேர்ப் பகுதியை இணைத்து, பார்க்க மட்டும் செய்யும் செலக்ட் கட்டளையை இடுங்கள். எத்தனை நிரைகள் வருகின்றன என்று எண்ணுங்கள். ஒன்று வர வேண்டிய இடத்தில் 386 வந்தால் அங்கேயே நிறுத்தலாம். அடுத்து, பிகின் என்று தொடங்கி அப்டேட் கட்டளையை இடுங்கள். பொறி தரும் எண்ணிக்கையைப் படியுங்கள். மறுபடியும் செலக்ட் செய்து பாருங்கள். சரியெனில் கமிட், தவறெனில் ரோல்பேக். கமிட் சொல்லும்வரை பழைய நிலைக்குத் திரும்பலாம். பல கருவிகளில் நாம் கேளாமலேயே ஒவ்வொரு கட்டளையும் உடனுக்குடன் கமிட் ஆகும் ஏற்பாடு இருப்பதால், பிகின் சொல்வது நம் பொறுப்பு. அட்டவணையையே நீக்கும், மாற்றும் கட்டளைகளில் பொறிக்குப் பொறி வேறுபாடு உண்டு. போஸ்ட்கிரெஸ் அவற்றுள் பெரும்பாலானவற்றையும் திரும்பப் பெறவிடும். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் ஆகியவற்றில் அவை உடனே நிலைபெற்றுவிடும். புதிய பொறியில் கை வைக்குமுன் இதனைக் கேட்டறியுங்கள்.

இந்தப் பிகின், கமிட் ஏற்பாடு பிழை திருத்தத்திற்காக மட்டும் ஏற்பட்டதன்று. ஒருவர் கணக்கில் 500 ரூபாய் கழித்து மற்றவர் கணக்கில் சேர்க்க வேண்டும். கழித்த நொடியில் மின்சாரம் போனால் அந்தப் பணம் இருவரிடமும் இல்லை. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டினால், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடவா. அதேபோல, இரயிலில் எஞ்சிய ஓர் இருக்கையை இரண்டு ஊர்களிலிருந்து இருவர் ஒரே நேரத்தில் கேட்டால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்கச் செய்வதும் இவ்வேற்பாட்டின் பணியே. நிரல் எழுதும் இளைஞர்கள் இதனை நன்கு பயில வேண்டும். 'இருக்கை இருக்கிறதா' என்று பார்த்தலும், 'எடுத்துக்கொண்டேன்' என்று எழுதுதலும் ஒரு கட்டுக்குள், அந்த நிரையைப் பூட்டியபடி நடைபெற வேண்டும்.

மூன்றாம் திறன்: விரைவு

நூறு நிரைகளில் எந்தக் கேள்வியும் விரைவாகவே விடை தரும். நிரைகள் பெருகப் பெருக வேறுபாடு வெளிப்படும். வாக்காளர் பட்டியலை எண்ணிப் பாருங்கள். அது பாகம், தெரு, வீட்டு எண் என்ற வரிசையில் அமைந்தது. பாகமும் தெருவும் தெரிந்தால் நொடியில் ஆளைக் காணலாம். பெயர் மட்டும் தெரிந்தால் முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை புரட்ட வேண்டும். இண்டெக்ஸ் எனப்படும் அடைவும் இவ்வாறே. பாகம், தெரு என்ற இரு நிரல்களுக்குச் சேர்த்துக் கட்டிய அடைவு, பாகம் தெரிந்தவர்க்கு உதவும். தெரு மட்டும் தெரிந்தவர்க்குப் பெரிதும் உதவாது.

அடைவு இருந்தும் பயன்படாமற்போகும் இடமும் உண்டு. பிறந்த நாள் நிரலுக்கு அடைவு இருக்கிறது. 'பிறந்த நாளிலிருந்து ஆண்டைப் பிரித்தெடு. அது 2010ஆ என்று பார்' எனக் கேட்டால், பொறி ஒவ்வொரு நிரையாகப் பிரித்துப் பார்க்கும். '2010 சனவரி 1 முதல், 2011 சனவரி 1க்கு முன்வரை' என்று கேட்டால் அடைவைப் பயன்படுத்த வழி பிறக்கும். விடை ஒன்றே, உழைப்பு வேறு. எக்ஸ்பிளெயின் என்ற சொல்லைக் கேள்வியின் முன் சேர்த்தால், எவ்வழியில் தேடப்போகிறது என்பதைப் பொறியே சொல்லும். அதனைப் படிக்கக் கற்றவர், படியாதவரினும் ஒரு படி உயர்ந்தவர். ஊகித்து அடைவுகளை அடுக்காதீர்கள். ஒவ்வொரு புதிய நிரைக்கும் அத்தனை அடைவுகளையும் பொறி திருத்த வேண்டியிருப்பதால், எழுதும் வேகம் குறையும்.

நான்காம் திறன்: சாவிக் கொத்தை அளந்து கொடுத்தல்

பள்ளியில் எல்லா அறைகளின் சாவியும் எல்லோரிடமும் இருப்பதில்லை. அறிக்கை எடுப்பவர்க்குப் பார்க்கும் உரிமை போதும். இணையத்தில் இயங்கும் செயலிக்கு அதன் அட்டவணைகளில் மட்டும் எழுதும் உரிமை போதும். அதற்கு முழு நிருவாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்து வைப்பது வாயிலைத் திறந்து போட்டு உறங்குவதாகும். பயனர் தட்டும் சொல்லை எஸ்.க்யூ.எல். கட்டளையோடு ஒட்டித் தைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். ஒற்றை மேற்கோள் குறியை நடுவே இட்டு, உங்கள் கட்டளையையே வேறொன்றாகத் திரித்துவிட ஒருவரால் முடியும். மதிப்புகளைத் தனியே அனுப்பும் வசதி ஒவ்வொரு மொழியிலும் உண்டு. அதையே கையாளுங்கள். பிள்ளையின் சாதிச் சான்றிதழ் எண், வீட்டு முகவரி, நோய் விவரம் ஆகியவை உங்கள் பொறுப்பில் இருக்கும். ஒருவரின் சாதியை அறிந்தவுடன் முகம் மாறும் உலகில் நாம் வாழ்கிறோம் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாதவர் கண்ணில் அது படாமல் காப்பதும் இத்தொழிலின் அறம்.

ஐந்தாம் திறன்: மீட்டெடுத்தல்

இதுவே தலையாய திறன். 2017 சனவரி 31 அன்று கிட்லேப் என்னும் நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். உலகெங்கும் உள்ள நிரலாளர்களின் படைப்புகளைப் பேணும் இணையத்தளம் அது. அதன் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். முதன்மைப் பொறிக்கும் துணைப் பொறிக்கும் இடையே நகல் ஒத்து வராமல் நின்றது. அதனைச் சீர்செய்ய நெடுநேரம் உழைத்த பொறியாளர் ஒருவர், துணைப் பொறியின் தரவை அழிப்பதாக எண்ணி, முதன்மைப் பொறியில் அக்கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட் அளவே எஞ்சியது.

அவர்களிடம் காப்பு ஏற்பாடுகள் பல இருந்தன. தேவைப்பட்ட வேளையில் அவை கைகொடுக்கவில்லை. நாள்தோறும் நகல் எடுக்கும் கருவி 9.2 பதிப்பாகவும், தரவுத்தளம் 9.6 பதிப்பாகவும் இருந்தமையால் நகல் விழவே இல்லை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வேறொரு காரணத்தால் மறுக்கப்பட்டு, எவரையும் சென்றடையவில்லை. சோதனைப் பணிக்காக ஒருவர் ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு படிமம்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத்துத் தரவு போயிற்று. நமது பென்டிரைவின் சுழியக் கோப்புகளுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அளவில் மட்டுமே வேறுபாடு.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று: மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று நம்பாதீர்கள். மாதம் ஒருமுறையேனும் வேறொரு கணினியில் மீட்டெடுத்து, நிரைகளை எண்ணி, நான்கு பெயர்களைப் படித்துப் பாருங்கள். இரண்டு: துணைப் பொறியில் ஓடும் இரட்டை நகல் காப்பு நகலாகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். நகலொன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஒரே பீரோவில் ஏடும் நகலும் இருந்தால் தீக்கும் வெள்ளத்திற்கும் இரண்டும் ஒன்றே. மூன்று: எத்தனை நேரத்துத் தரவை இழக்கலாம், எத்தனை நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்ற இரு கேள்விகளுக்கு விடையை முன்னதாகவே எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வில் இவ்விரண்டையும் கேட்பார்கள்.

மேலும் ஒன்று. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல், காரணங்களைப் படிப்படியாக எழுதி உலகறிய வெளியிட்டது. அவ்வறிக்கையால் எத்தனையோ பேர் தங்கள் காப்பு ஏற்பாடுகளைச் சோதித்தனர். பிழை செய்தவர் உடனே சொல்லத் தக்க இடமே பாதுகாப்பான பணியிடம். 'நம்மை ஏற்கெனவே குறைவாக எண்ணுகிறார்கள். பிழையை ஒப்புக்கொண்டால் இன்னும் தாழ்த்துவார்களே' என்ற அச்சம் நம் பிள்ளைகட்கு இயல்பாகவே எழும். அவ்வச்சத்தின் காரணத்தை நாம் அறிவோம். ஆயினும், தரவுத்தளத்தில் மறைத்த பிழை மணிக்கு மணி பெருகும். முதல் நிமிடத்தில் சொன்னால் பாதி சிக்கல் தீரும். என்ன கட்டளை, எந்த நேரம், எத்தனை நிரை என்று எழுதி நீட்டுங்கள். அப்படிச் சொல்பவர் மீது நாளடைவில் நம்பிக்கை வளரும்.

எவ்வாறு பழகுவது?

பெரும் பொருட்செலவு தேவையில்லை. போஸ்ட்கிரெஸ் பொறி விலையில்லாமல் கிடைக்கிறது; அதன் முழு விளக்க நூலும் அவ்வாறே. பழைய கணினி போதும். கணினி இல்லாதவர்க்கு ஆண்டிராய்டு கைப்பேசியிலேயே எஸ்க்யூலைட் என்னும் சிறு பொறி இயங்குகிறது; அதில் பழகச் செயலிகள் உண்டு.

நூலகம் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். நூல், உறுப்பினர், இரவல் என மூன்று அட்டவணைகளை வகுத்துத் திறவுகோல்களையும் கட்டுப்பாடுகளையும் இடுங்கள். தவறான தரவை வேண்டுமென்றே ஏற்றி, பொறி மறுக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு இலட்சம் நிரைகளைப் பொறியைக் கொண்டே உண்டாக்கி, அடைவு இல்லாமலும் அடைவோடும் தேடி, எடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். சனிக்கிழமைதோறும் ஒரு பயிற்சி: நண்பரொருவர் உங்கள் தரவுத்தளத்தைக் கெடுக்கட்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் மீட்டெடுங்கள். இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் நாள் குறித்து எழுதுங்கள். ஆறு திங்கள் சென்றபின், சான்றிதழைவிட அந்தக் குறிப்பேடு உங்களுக்காகப் பேசும்.

தமிழ்வழியில் பயின்றோர் பிழைச் செய்தியைக் கண்டவுடன் அஞ்சி மூடிவிடுகிறார்கள். அஞ்சாதீர்கள். அச்செய்தியில் வரும் ஆங்கிலச் சொற்கள் மிகச் சிலவே. திரும்பத் திரும்ப வருபவை. எந்த வரியில், எந்த நிரலில், என்ன குறை என்பதே பெரும்பாலும் அங்கே இருக்கும். முழுவதும் படித்து, பொருளை உங்கள் சொல்லில் எழுதிப் பாருங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் எஸ்.க்யூ.எல். எழுதித் தருகின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆனால் அவை தந்த கட்டளையில் வேர் சரியாக இருக்கிறதா, நல் எப்படிக் கணக்காகிறது, கூட்டுத்தொகை சரியா என்று பார்க்கும் கண் உங்களுடையதாக இருக்கட்டும். கமிட் சொல்பவரே விடை சொல்ல வேண்டியவர்.

முடிவாக, விழாக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். நம் கழகத்தின் 25 ஆண்டு உதவித்தொகைப் பேரேடுகளும் நூலகப் பதிவேடுகளும் அலுவலக அறையின் மர பீரோவில் இருக்கின்றன. சில பக்கங்களைச் செல் அரித்திருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த ஆண்டில் எத்தனை ரூபாய் பெற்றுப் படித்தது என்பதற்கு அவற்றைத் தவிர வேறு சான்று இல்லை. இவ்விளைஞர்களில் ஆறு பேரைத் தேர்ந்து, அவற்றைத் தரவுத்தளமாக்கும் பணியைக் கொடுங்கள். முதலில் பக்கங்களைப் படமெடுக்கட்டும். பின்பு அட்டவணையை வகுக்கட்டும். ஒருவர் ஏற்றியதை மற்றொருவர் சரிபார்க்கட்டும். காலாண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவின் முன்னிலையில் காப்பு நகலை மீட்டெடுத்துக் காட்டட்டும். உறுப்பினர் எவரேனும் ஒரு பெயரைச் சொல்ல, அப்பெயர் திரையில் வர வேண்டும். கழகத்தின் ஏடும் பிழைக்கும். ஆறு பேர்க்குத் தொழிலும் கைவரும். அந்த முதற்காலாண்டில் தவறாமல் வந்து அமர்ந்து, நமது பங்காக ஒரு பெயரைச் சொல்லக் காத்திருக்கிறோம்.